குழாய் நின்றால் பாட்டு

லிஃப்ட் மெக்கானிக் பாட்டுக் கட்டுவார் என்பது அந்தக் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும். எதைப் பார்த்துக் கட்டினார் என்பது அவருடைய மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அவள் போய்ச் சேர்ந்து சில மாதங்களாகிவிட்டன.

கல்யாண மேடைகளில் இன்றைக்கும் பாடுகிறார்களே, "வெள்ளை உடுத்தி வாசலில் நின்றாய், வீடே குளிர்ந்ததடி" என்று, அது எந்தப் பெண்ணைப் பற்றியும் இல்லை. அவர்கள் வீட்டுக்கு முதன்முதலாக ஃபிரிட்ஜ் வந்த நாளில் பிறந்த பாட்டு. சுமந்து வந்தவர்கள் அதை வாசலிலேயே இறக்கிவிட்டு, கதவுக்குள் நுழையாது என்று கையை விரித்துவிட்டார்கள். இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிற்பாடு மெல்லிசைக் குழுவின் கீபோர்டுக்காரர் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கி, "யாருண்ணே அது? அண்ணிக்குத் தெரியுமா?" என்று காதோடு கேட்டார்.

பக்கத்தில் இருந்த அவள் காதில் அது விழுந்துவிட்டது. "தெரியாம என்ன? வாரா வாரம் நான்தானே தொடச்சு விடுறேன்" என்றாள்.

மழைப் பாட்டும் அப்படித்தான். மேல்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி நிரம்பி வழிந்த சத்தம் அது. பிரிவுப் பாட்டு மட்டும் கொஞ்சம் நிஜம். ஒருநாள் குடியிருப்பின் ஒரு தம்பதியில் மனைவி இறங்கியதும் கதவு மூடிக்கொண்டு கணவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தது யார் என்று மூடிய கதவுக்கு இரு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள். பிறகு அந்தம்மாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. கதவின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். ஸ்பானரோடு பின்னால் நின்ற மெக்கானிக் அதைப் பார்த்தார்.

மொட்டைமாடி மோட்டார் அறையில்தான் மெட்டுப் போடுவார். மோட்டாரின் ஒரே சீரான ரீங்காரம் அவருக்குச் சுருதி. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, அவள் பாத்திரம் கழுவும்போது சமையலறை வாசலில் சாய்ந்து நின்று பாடுவார். நடுவில் குழாய் நின்றால் பாட்டு தேறியது. கடைசி அடி வரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் தேறவில்லை. நேரே போய்ப் படுத்துவிடுவார். மறுநாள் அந்தப் பாட்டை நினைக்கவே மாட்டார். இத்தனை வருஷமும் இதுதான் சட்டம். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது முழங்கால் வலிக்கிறது. எந்த மாடியில் பழுது என்றாலும் படி ஏறித்தான் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் கழுவாத பாத்திரம் குவிகிறது. இந்த லட்சணத்தில் கீபோர்டுக்காரர் வந்து நின்றார். சனிக்கிழமை குழுவின் ஆண்டு நிகழ்ச்சி. வருஷா வருஷம் முதல் பாட்டு இவருடையதாக, புதிதாக இருக்கும்.

"இந்த வருஷம் அண்ணிக்குன்னு ஒண்ணு பண்ணுங்கண்ணே."

"பாக்கலாம்."

பாட்டு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது தேறுமா தேறாதா என்று சொல்ல ஆளில்லை. அவளுக்கென்று கட்டியதை அரைகுறையாக மேடையேற்ற மனம் ஒப்பவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மச்சினி சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தவள், "என்ன அத்தான், பாத்திரக்கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கழுவ ஆரம்பித்தாள். இவர் வழக்கம்போல் வாசலில் சாய்ந்துகொண்டார். பாடினார். கடைசி அடியும் வந்துவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"சரி, விடு. கீபோர்டுக்காரன்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்."

"ஏன், என்னாச்சு?"

"நீ குழாயை மூடலை."

அவளுக்குப் புரியவில்லை. அலுப்போடு விளக்கினார். நுரைக் கையோடு அவள் திரும்பினாள்.

"அத்தான், பாத்திரம் முடிஞ்சா குழாயை மூடுவாங்க. முடியலைன்னா மூட மாட்டாங்க. இதுல பாட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க அக்கா அப்படி இல்ல."

"அக்காவேதான். 'தண்ணி சத்தத்துல பாதி காதுலயே விழாது, சரி, கழுவிட்டுப் போய் உக்காந்து கேப்போம்னு போனா, மனுஷன் சுவரைப் பாத்துப் படுத்திருக்காரு. ஏன்தான் கோச்சுக்கறாரோ'ன்னு எங்கிட்ட புலம்புவா."

அவர் அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபிரிட்ஜ் வந்த அன்றைக்கு வெளியே வாங்கிச் சாப்பிட்டார்கள். கழுவ இரண்டு டம்ளர்தான். விருந்தாளிகள் வந்த நாட்களில் பாடியதெல்லாம் குப்பைக்குப் போயிருந்தது.

"அவளுக்கு எதுதான் புடிச்சது?"

"புடிச்சுதுன்னு வாயால சொல்லலை. ஆஸ்பத்திரில ஒண்ணை முணுமுணுத்துக்கிட்டே கிடப்பா. நர்ஸ்கூட, 'உங்களுக்கு நர்ஸ் வேணுமா, மைக் வேணுமா'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. 'ஏறி வந்த படியெல்லாம்'னு ஆரம்பிக்கும்."

அந்த அடி அவருக்கு நினைவு வந்தது. கரண்ட் போன ஒரு பகலில் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு அத்தனை மாடியும் ஏறி, மோட்டார் அறை வாசலில் மூச்சு வாங்க நின்றாள். "சாப்பிடுங்க, திட்டறதை அப்புறம் திட்டறேன்" என்றாள். அன்றைக்குக் கட்டிய பாட்டு அது. அன்றிரவு தண்ணீர் கடைசிவரை ஓடியது. முதல் அடிக்கு மேல் இப்போது அவருக்கே நினைவில்லை.

"மீதி தெரியுமா உனக்கு?"

"மெட்டு தெரியும். வார்த்தை அங்கொண்ணும் இங்கொண்ணுமா வரும். என் குரல்ல கேட்டா ஓடிருவீங்க."

"எங்கிட்டு ஓடறது? முழங்கால் இப்படி இருக்கு. நகரு, நான் கழுவறேன். வாசல்ல நின்னு பாடு. மீதி வந்தா சனிக்கிழமை அதையே பாடிடலாம்."

மச்சினி கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் சாய்ந்தாள். சுருதியே இல்லாமல் ஆரம்பித்தாள். இவர் குழாயைத் திறந்துவிட்டுத் தட்டுகளைத் தேய்த்தார். உண்மைதான், தண்ணீர் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மனைவி இந்த இடத்தில்தான் நின்றிருந்தாள்.

"கேக்குதா அத்தான்?"

தொட்டியில் இன்னும் ஒரு அடுக்குப் பாத்திரம் மிச்சமிருந்தது. அவர் குழாயை மூடினார்.