பழைய சோறும் என் சிறுநீரகமும்

எனக்கு லூபஸ். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி என் உடம்பையே அடிக்கிறது. முதலில் மூட்டுகள், பிறகு முகத்தில் சிவப்பு, அதற்கப்புறம் சிறுநீரகம். புரதம் சிறுநீரோடு வீணாகப் போனால் அது நுரைக்கும். அதனால் காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டில் தினமும் என் கணவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னாமே, நொர கம்மியா கீதா?"

அதையும் பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்தவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிறார். நான் விருதுநகர்க்காரி. வெயில் பட்டால் நோய் கிளம்பும் என்பதால் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் லூபஸுக்கும் தொடர்பு இருக்கிறதாம், ஃபோனில் பார்த்தாராம்.

"கெட்ட பூச்சி சாஸ்தியாச்சுனா கொடலு ஓட்டையாவுது. அது உள்ள பூந்துக்கினு போவுது. அத்த அடிக்கப் போயி ஒடம்பு தன்னையே அடிச்சிக்கிது. நல்ல பூச்சிய உள்ள வுட்டா எல்லாம் சரியாப்பூடும்மே."

டாக்டரம்மாவிடம் கேட்டோம். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "உண்மைதான். சில பேருக்குக் கிட்னி மோசமாகும்போது குடல்ல ஒரு வகை பாக்டீரியா பெருகுறதப் பாத்திருக்காங்க. ஆனா அதனால நோயா, நோயால அதுவான்னு இன்னும் உறுதியாச் சொல்ல முடியல. அதுக்குன்னு மருந்தும் வரல. மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். கோழி முந்தியா முட்டை முந்தியா கதைதான். மருந்து வரவில்லை என்பது என் காதில் விழுந்தது. "உண்மைதான்" என்பதோடு என் கணவர் காது அடைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து, நல்ல பூச்சிக்காகப் பழைய சோறு. சாயங்காலமே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிர் விட்டுத் தன் கையாலேயே பிசைந்து, சின்ன வெங்காயம் உரித்துத் தருவார். அந்த வாசனை எனக்கு ஆகவே ஆகாது. மூச்சை அடக்கிக்கொண்டு சாப்பிட்டேன். நம்பியெல்லாம் இல்லை, அந்த மனிதர் முகத்துக்காக.

ஒரு மாதம் சிறுநீரில் புரதம் கொஞ்சம் குறைந்தது. ஃப்ளாட் வாட்ச்மேனுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டியதும் அந்த மாதம்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் கால் வீங்கியது. சிறுநீரகத்திலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்ற முடிகிறதா பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. இந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லை நான் வெறுக்கிறேன். டிரிப்ஸில் ஏற்றுகிற பெரிய மருந்து ஒன்றை எழுதினார்.

"இது எதிர்ப்புச் சக்திய ரொம்பவே அடக்கிடும். சின்னக் கிருமி தொத்தினாலும் தாங்காது. இனிமே அப்பப்ப சமைச்சு சூடா சாப்பிடணும். பழைய சோறு, வீட்ல புளிக்க வச்சது, எதுவும் கூடாது."

"கொஞ்சூண்டு கூடவா மேடம்?" என்றார் என் கணவர்.

"கூடாது."

கிட்னியைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினோம். பூந்தமல்லி ரோட்டில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நகராமல் நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"அப்போ நான் இன்னாதான் பண்றது?"

மருந்தை நர்ஸ் ஏற்றுவார். அதுவும் பலிக்காவிட்டால் டயாலிசிஸ் மெஷின் இருக்கிறது. இவருக்கென்று செய்ய எதை நான் கொடுப்பது?

"இத்தன நாள் பட்டது போதும். இனிமே நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்ங்க" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அப்போதுதான் அவர் அழ ஆரம்பித்தார்.