ஓநாயைச் சாப்பிடக் கூப்பிட்டவள்

ஃபிலோமேனா பதினாலு வருஷமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். எந்தக் கதையையும் ஒரு தடவை சொன்னபடி மறு தடவை சொன்னதில்லை. எங்கள் சமோவாவில் இவளைப் போல உரக்கச் சிரிக்கிற மனுஷி கிடையாது. பக்கத்து வகுப்பில் நான் வாய்ப்பாடு சொல்லித்தர முடியாமல் தொண்டை கட்டி நிற்பேன். நடுவில் அரைச்சுவர்தான். எரிச்சலாக வரும். ஆனாலும் காது அங்கேதான் இருக்கும்.

அன்றைக்குப் புத்தகத்தில் ஓநாயும் மூன்று பன்றிக்குட்டிகளும் கதை. ஓநாய் கதவைத் தட்ட, உள்ளே விடமாட்டேன் என்கிறது பன்றி. வகுப்பே கொதித்துவிட்டது.

"சுவரே இல்லாத வீட்டுல எதத் தட்டும் டீச்சர்?" எங்கள் ஊர் வீடுகளுக்குத் தூணும் கூரையும்தான்.

"அந்தப் பன்னிய ஒழுங்கா வளர்க்கல! வாசலுக்கு வந்தவங்களச் சாப்பிட வான்னு கூப்பிடாம வெரட்டுமா?" இது என் மகள் பெப்பே.

"அப்ப நீங்களே மாத்துங்க. வெள்ளிக்கிழமை நடிச்சுக் காட்டணும்," என்ற ஃபிலோமேனா, ஓநாய் வேஷத்தைச் சியூலாவுக்குக் கொடுத்தாள்.

சியூலாவின் அப்பன் என் அண்ணன் மண்டையைத் துடுப்பால் பிளந்தவன்; அண்ணன் பிழைத்ததே பெரிசு. ஊர்த் தலைவர்கள் அந்தக் குடும்பத்தையே இரண்டு வருஷம் ஊரைவிட்டு அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்டு, போன ஈஸ்டருக்குத்தான் திரும்பி வந்தார்கள். மன்னித்தாயிற்று என்று பேர். சாப்பிடுகிற நேரத்தில் தெருவில் யார் போனாலும் கூப்பிடுகிற ஊர் இது. அந்த எட்டு வயசுப் பெண் போகும்போது மட்டும் எல்லோரும் தட்டைப் பார்ப்போம். நானும்தான்.

இடைவேளையில் சும்மா இருக்காமல், "பொருத்தமான வேஷம்தான் குடுத்திருக்கடி," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளய யாரும் கூப்பிடுறதில்ல அக்கா. ஓநாயா நெனச்சாவது அவளக் கூப்பிடட்டுமேன்னு குடுத்தேன். அதுலயும் வாய வைக்காதீங்க."

எனக்குச் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை பாய்த்துண்டில் வால் கட்டிக்கொண்டு சியூலா வந்தாள். "ஓநாயே, வா, சாப்பிடு!" என்று மூன்று பன்றிகளும் கத்தின. அவள் அசையாமல் நின்றாள். "போ கண்ணு, உக்காரு," என்றாள் ஃபிலோமேனா. உட்கார்ந்து, இலையில் இல்லாத ஈரப்பலாக்காயை அள்ளி அள்ளித் தின்றாள்.

"மெதுவா ஓநாயே! எங்களையும் சேத்துத் தின்னுடாத!" என்றாள் பெப்பே. ஃபிலோமேனா சிரித்த சிரிப்பில் என் வகுப்பும் எழுந்து சுவரோரம் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் சேம்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதிரே அண்ணன். தெருவில் தண்ணீர்க்குடத்தோடு சியூலா. என் கண் தானாகத் தட்டுக்குப் போனது.

"ஓநாயே! வா, சாப்பிடு!" பெப்பே கத்தினாள்.

அந்தப் பெண் பெப்பேயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டு நடந்தாள். கூப்பிட்டால் எல்லோரும் சொல்கிற பதில்தான். அதோடு விட்டிருக்கலாம், யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். அண்ணன் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"அடியே ஓநாய்! ஆறிப்போகுது. கொடத்த வச்சிட்டு வந்து உக்காரு!" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அண்ணன் தழும்பைத் தடவிக்கொண்டார். அப்புறம் நகர்ந்து இடம் விட்டார். ஃபிலோமேனா, நீ நல்லா இருப்படி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சியூலா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.