ஏகாதசியன்று வீடு காட்டினோம்

வைகுண்ட ஏகாதசியன்று காலை ஒன்பது இருபதுக்கு என் மகள் சமையலறை வாசலில் வந்து நின்று, "அம்மா, மூச்சு சரியா வரல" என்றாள். பத்து மணிக்குச் சென்னையிலிருந்து வீடு பார்க்க வருவதாக இருந்தார்கள். எனக்கு முதலில் தோன்றியது, 'இப்பவா?' என்பதுதான். எழுதவே கூசுகிறது.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. டாக்டர் காவிரிக்கு அந்தப் பக்கம், திருச்சி தில்லை நகரில். நாங்கள் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில். திருவிழா நாளில் இங்கே சைக்கிள் நுழைவதே பெரிய காரியம். வீட்டை விற்றுவிட்டு டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்குப் போய்விடுவது என்று வைகாசியிலேயே முடிவு செய்திருந்தோம். முடிவு செய்வதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

ஆனியில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், மாடி ஏறி இறங்கினார், பிடித்திருக்கிறது என்றார். விலையிலும் இழுபறி செய்யவில்லை. அதுதான் எங்கள் புரோக்கருக்குப் பொறுக்கவில்லை.

"அவசரப்படாதீங்க மேடம். வீடு விக்கிறதுக்குன்னு ஒரு சீசன் இருக்கு. ஆடியில எவனும் அட்வான்ஸ் தர மாட்டான். புரட்டாசியில வீட்டுப் பேச்சையே எடுக்க மாட்டாங்க. ஐப்பசி மழையில சுவரெல்லாம் ஓதம் தெரியும். ஏகாதசிக்கு வர்றாங்க பாருங்க சென்னை, பெங்களூர் பார்ட்டி, அவங்க கோபுரத்தைப் பார்த்துட்டுத்தான் வீட்டைப் பார்ப்பாங்க. மார்கழியில காட்டுறோம், தை பொறந்ததும் பத்திரம்."

பஞ்சாங்கம் பார்த்து ஆஸ்துமா வருவதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கணவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். "அவர் சொல்றதுலயும் ஒரு லாஜிக் இருக்கு" என்றார். நானும் தலையாட்டினேன். ரயில்வேக்காரர் உறையூரில் வேறு வீடு வாங்கிக்கொண்டார்.

மார்கழி பிறந்ததும் வீட்டை 'ரெடி' பண்ணச் சொன்னார் புரோக்கர். கதவு, ஜன்னலுக்கெல்லாம் எனாமல் பெயிண்ட். ஆஸ்துமாப் பிள்ளை இருக்கும் வீட்டில், பனிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைக்கும் மாதத்தில். இது தப்பு என்று தெரிந்துகொள்ள மூக்கு ஒன்று இருந்தால் போதும். எங்களிடம் பட்டங்கள்தான் இருந்தன.

ஏகாதசிக்கு முதல் நாள் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர், மகளுக்கு மருந்துப் புகை வைக்கும் நெபுலைசரைக் கண்டு முகம் சுளித்தார்.

"என்ன மேடம், ஆஸ்பத்திரி மாதிரி? இந்த வீட்டுக்கு வந்தா சீக்கு வரும்னு பார்ட்டி நினைச்சுக்கும். கண்ணுல படாம வைங்க."

வைத்தோம். மெஷின், மாஸ்க், மருந்து, இன்ஹேலர் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு நான் எடுத்துக் கொடுக்க, கணவர் பரணில் கொலுப்பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினார். இன்ஹேலரையாவது வெளியே வைத்திருக்கலாமே என்று பிறகு ஊரே யோசனை சொன்னது. மிக்க நன்றி.

ஒன்பது இருபதுக்குக் கணவர் வீட்டில் இல்லை. கூட்டத்துக்குள் பார்ட்டிக்கு வழி காட்ட வீதி முனைக்குப் போயிருந்தார். நான் நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கப் பொறுமையில்லை; தள்ளிவிட்டேன். பொம்மைகள் உடையும் சத்தம் கேட்டும் மகள் திரும்பவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்திருந்தாள். தோள்கள் ஏறி இறங்கின. பேச்சு நின்றிருந்தது.

மாஸ்க்கை மாட்டிவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் டிரைவர் கூப்பிட்டார். "தடுப்பு போட்டிருக்காங்கம்மா, கூட்டம் நகரவே இல்ல. பேஷண்டைத் தூக்கிட்டு வர முடியுமா?" மெஷினைக் கழற்றிவிட்டு, அந்தக் கூட்டத்தில்! முடியாது என்றேன்.

அடுத்த அழைப்பு புரோக்கருடையது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயையோ. சரி மேடம், பாப்பாவை உள் ரூம்ல படுக்க வெச்சிருங்க. மெஷின் சத்தம் வெளியே கேக்க வேணாம்."

போனை வைத்துவிட்டேன். இரண்டாவது முறை மருந்து ஊற்றிய பிறகுதான் அவள் உதட்டில் நிறம் திரும்பியது. "தண்ணி" என்றாள். டம்ளரை நீட்டினேன். அவளே வாங்கிக் குடித்தாள். இன்றும் எங்காவது புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் முதலில் அவள் இன்ஹேலரைத்தான் தேடுகிறேன்.

பன்னிரண்டரைக்கு வந்தது சென்னைப் பார்ட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும். பின்னாலேயே என் கணவர், புரோக்கர். பெரியவர் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கோபுரம் தெரியும் மாடிக்கு அவர் ஏறவில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கூடத்து சோபாவில் சுருண்டிருந்த மகளைப் பார்த்து, என்ன ஆச்சு என்று அந்த அம்மாள் கேட்டார். புரோக்கர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் ஒன்று விடாமல் சொன்னேன்.

பெரியவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கும்மா. ஆம்புலன்ஸ் வராத தெருவுல நாங்க எப்படிம்மா இருக்கிறது?"