வாசற்படிக் கல்லில் பொங்கல்

பொங்கலன்று இங்கே வளைகுடாவில் லீவு கிடையாது. ரோலாவில் எங்கள் ஃபிளாட்டில் கொஞ்சம் புகை எழுந்தாலே அலாரம் அடிக்கும். அதனால் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து ராஸ் அல் கைமா மலைக்குப் போய்ப் பொங்குவோம். இந்த வருடம் பானை, சர்க்கரை, கரும்பு எல்லாம் வந்தன. அடுப்புக்கு வைக்கும் மூன்று செங்கல்லை மட்டும் என் கணவர் மறந்துவிட்டார்.

வண்டி நிறுத்திய இடத்துக்கு மேலே ஒரு பாழடைந்த குடியிருப்பு. பல நூறு வருடங்களுக்கு முன் அங்கே கோதுமை விதைத்தவர்கள் கட்டியது. சரிவெல்லாம் படிப்படியாக வயல், மண் சரியாமல் இருக்கக் கல்வரம்பு, மழைத் தண்ணீர் தேக்கிய தொட்டி, குள்ளமான கல்வீடுகள். ஒரு துளி சிமெண்ட் இல்லாமல் நின்ற வீடு ஒன்றிலிருந்து அவர் கல் பெயர்த்துக்கொண்டு வந்தார். இரண்டு சுவர்க்கல். மூன்றாவது, கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்த வாசற்படிக் கல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பிக் கொண்டுபோய் வையுங்கள் என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

“இஞ்சேரும், ஆரும் இல்லாத வீடுதானே,” என்றார் அவர்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். சண்டையில் இடம்பெயர்ந்து, வருடங்கள் கழித்து ஊர் திரும்பியபோது இவர் வீட்டில் ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக்கட்டுக் கல்கூட இல்லை. எடுத்தவர்களை இன்றைக்கும் சோற்றில் கை வைத்தபடி திட்டுகிற மனுஷன் இவர்.

“உங்கட வீட்டுக் கல்லையும் உப்பிடிச் சொல்லித்தானே கொண்டு போனவை,” என்றேன்.

அப்படியும் அந்தக் கற்களிலேயே அடுப்பை மூட்டினார்கள். உழவர் திருநாளுக்கு ஓர் உழவன் வீட்டை உடைத்துப் பொங்கல்! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதென்றால் இதுதான். பால் பொங்கி வழிந்தது. நான் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

கற்கள் ஆறியதும் அவர் தனியாக ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மேலே போனார். நானும் பின்னால் போனேன். அவர் பெயர்த்த இடத்தில் மேற்கற்கள் சரிந்து கிடந்தன. எது எங்கே இருந்ததென்று அவருக்கே தெரியவில்லை. வாசற்படிக் கல் சூட்டில் வெடித்து இரண்டாகியிருந்தது. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து, கரி பிடித்த பக்கம் தெரியாதபடி உள்ளே திருப்பிவிட்டுக் கையைத் தட்டினார்.

எங்கள் கல்லை எடுத்தவர்கள்கூட இவ்வளவு பக்குவமாக மறைத்ததில்லை.