ரப்பர் தீயும் வாசனை

"எங்கேயோ ரப்பர் தீயுது, உங்களுக்கு வாசனை வரலையா?" என்பாள் என் மனைவி பவுனம்மா. எனக்கு ஒன்றும் வராது. பிறகு அவள் கண் ஓரிடத்தில் நிலைக்கும். வாய் எதையோ மெல்லும், விரல்கள் முந்தானையைப் பிசையும். கூப்பிட்டால் பதில் இருக்காது. ஒரு நிமிஷம் கழித்து என்னைத் தேடிப் பார்த்து, "இங்கதான் இருக்கீங்களா?" என்று சிரிப்பாள்.

வெள்ளைக்காரன் காலம். மலாயாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வலிப்பு என்றால் விழுந்து துடிக்க வேண்டும், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவள் விழவில்லையே! ஊரில் எவனையோ நினைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று நானே முடிவு கட்டி, கிள்ளான் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய் ஊருக்கே கப்பலேற்றிவிட்டேன். "நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். அன்றைக்குப் பதில் சொல்லாமல் நின்றது நான்.

இரண்டு வருஷம் கழித்து, செந்தூல் ரயில் பட்டறையில் என்னோடு வேலை செய்தவர் ஒருவர் அதே மாதிரி வெறித்துப் பார்த்து வாயை மென்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் தன் காதுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார்.

"இதுக்கு உள்ளே, மூளையில தழும்பு இருக்கலாம். சின்னப் பிள்ளையில காய்ச்சலோட கடுமையா இழுப்பு வந்தா சிலருக்கு அப்படி ஆகும். இதுவும் வலிப்புதான். இல்லாத வாசனைகூட வரும்."

மூன்று வயதில் காய்ச்சலில் இழுத்துப் பிழைத்த கதையைப் பவுனம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

மன்னிப்புக் கேட்டு, திரும்பி வரச் சொல்லிக் கடுதாசி எழுதினேன். "தங்கச்சி வர மாட்டேங்குது" என்று மச்சான் பதில் போட்டார்.

இப்போதும் எங்கிருந்தாவது ரப்பர் தீயும் வாசனை வந்தால், அவள் நின்றிருந்த அடுப்படிப் பக்கம் திரும்பி, "இங்கதான் இருக்கேன்" என்கிறேன்.