வேலை தேடாதவர்

அப்பா இறந்த பிறகு சின்னவள் அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள். அக்காவின் கணவர் டயர் தொழிற்சாலையில், ரப்பரை அச்சில் வார்க்கும் பிரிவில் வேலை பார்த்தார். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் ரப்பர் வாடை அவரை விட்டுப் போகாது. பள்ளி முடிந்து, மேலே என்ன படிப்பது என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, அவள் பொருளாதாரம் என்றாள்.

"அதைப் படிச்சா என்ன ஆவே?" என்றாள் அக்கா.

மாமா முந்திக்கொண்டார். "படிக்கட்டும் விடு. பொருள் நம்ம பக்கம் வரலன்னாலும், எந்தப் பக்கம் போகுதுன்னாவது வீட்ல ஒருத்தருக்குத் தெரியட்டும்."

முதல் ஆண்டு அவளுக்குத் தேனாக இனித்தது. பேராசிரியர் கரும்பலகையில் இரண்டு கோடுகள் இழுப்பார். ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் விலை நிற்கும். ஒரு சந்தையின் இரைச்சல் முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளியில் அடங்கிப்போவதைப் பார்த்து அவள் வாயடைத்துப் போனாள். எந்த விதியைச் சொன்னாலும் 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். அதை அவள் வீட்டில் சொல்லப்போக, மாமா பிடித்துக்கொண்டார். தாமதமாக வந்து அக்காவிடம் மாட்டிக்கொள்ளும் நாட்களில் செருப்பைக் கழற்றியபடியே, "மற்றவை மாறாதிருந்தா நான் அப்பவே வந்திருப்பேன்" என்பார். அக்கா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முதுகலையில் தேன் கசந்தது. கோடுகள் போய்ச் சமன்பாடுகள் வந்தன. உழைக்கிறவர் ஓர் எழுத்து, அவருடைய ஓய்வு இன்னோர் எழுத்து. நுண்கணிதம் அவளுக்கு எட்டிக்காய். முதல் பருவத் தேர்வில் தோற்றுப்போய், குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாமா கதவருகே நின்று, "அழுதுட்டுப் படி, பரவாயில்ல. படிக்காம அழாதே" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அவளும் அப்படித்தான் ஊர்ந்து ஊர்ந்து தேறினாள்.

முனைவர் படிப்புக்கு வந்ததும் பல்கலைக்கழக விடுதிக்குக் குடிபோனாள். வார இறுதியில் மட்டும் அக்கா வீடு. தொழிற்சாலைகள் ஆட்குறைப்புச் செய்தபின் அந்த ஆட்கள் என்ன ஆகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. வழிகாட்டிப் பேராசிரியை கண்டிப்பானவர். "வீட்டுக்குப் போய்க் கேட்டா கௌரவத்துக்குப் பொய் சொல்லுவாங்க. பகல்ல எங்க உட்கார்ந்திருக்காங்களோ அங்க போய்க் கேளு" என்று சொல்லி அனுப்பினார்.

அப்படிப் போன இடம்தான் பொது நூலகத்தின் செய்தித்தாள் அறை. மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்க, ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஒரே பக்கத்தை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மேசையில், தொழிற்சாலைச் சட்டையோடு, சாப்பாட்டுப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு மாமா இருந்தார்.

அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். போக வேறு இடம் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

"மாமா... இன்னைக்கு லீவா?"

"லீவுதான். மழைக்கு முன்னாடியே விட்டுட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "புது மெஷின் வந்துச்சு. எங்க பிரிவே இல்ல இப்ப."

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அத்தனை நாளும் காலையில் அக்கா கட்டிக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு இங்கேதான் வந்திருக்கிறார். தொழிற்சாலை கொடுத்தனுப்பிய தொகையை மாதாமாதம் சம்பளம் மாதிரி வீட்டில் கொடுத்துவந்திருக்கிறார். அவள் கையிலிருந்த ஆய்வுக் கேள்வித்தாளை அவர் கவனித்தார்.

"எல்லார்கிட்டயும் கேக்கறதுக்குத்தானே வந்தே? எங்கிட்டயும் கேளு. சும்மா உட்கார்ந்திருந்தா நாலு பேர் பார்ப்பாங்க."

அவள் கேட்டாள். வயது, படிப்பு, எத்தனை ஆண்டு அனுபவம். "கடந்த நாலு வாரத்துல வேலை தேடினீங்களா?"

"முதல்ல தேடினேன். நம்ம வயசைக் கேட்டதும் போன் பண்றேன்னு சொல்லிடறாங்க. இப்பத் தேடறதில்ல." கொஞ்சம் யோசித்து, "இதுல நான் எங்க வருவேன்?" என்றார்.

"வேலையில்லாதவங்க எண்ணிக்கைல வர மாட்டீங்க மாமா. தேடினாத்தான் அதுல சேர்ப்பாங்க."

மாமா சத்தமில்லாமல் சிரித்தார். "வேலையும் இல்ல, வேலையில்லாதவனும் இல்ல. திரிசங்கு மாதிரி தொங்கிட்டிருக்கேன்னு சொல்லு." பிறகு சிரிப்பு நின்றது. "அக்காகிட்டச் சொல்லிடாதே. நானே சொல்றேன். இந்த வாரம் சொல்லிடறேன்."

அவள் சரி என்றாள். 'நீங்கள் சொல்வது எதுவும் என்னைத் தாண்டிப் போகாது' என்று அந்த அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் கேள்விகளைத் தொடங்கியிருந்தாள். அந்த வாக்கு அவளுக்கு ஒதுங்க ஒரு நிழலாயிற்று. அதன்பின் பலமுறை அந்த அறைக்குப் போய் மாமாவோடு உட்கார்ந்தாள். "சொல்லிட்டீங்களா?" என்பாள். "இந்த வாரம்" என்பார். வார இறுதிகளில் அக்கா வீட்டில் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். "மாமா இளைச்சுட்டாரு, ஓவர்டைம் போடாதீங்கன்னு அங்க யாராவது சொல்லக்கூடாதா?" என்று அக்கா புலம்புவாள். சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நெஞ்சில் அடிக்கடி ஏதோ அழுத்துகிறது என்று ஒருமுறை மாமா அவளிடம் சொன்னார். தொழிற்சாலை மருத்துவமனை அட்டை செல்லாது. வேறு இடம் போனால் அக்கா ஏன் என்று கேட்பாள். "வாயுதான்" என்று அவரே முடித்துவிட்டார். நான் கூட்டிட்டுப் போறேன் என்று அவள் சொன்னாள். ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்தை வழிகாட்டியிடம் கொடுத்ததும் போகலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்குள் ஒரு முற்பகலில், அதே நாற்காலியில், மாமா தலை சாய்ந்தார். தூங்குகிறார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். நூலகர் அவருடைய போனில் எண்ணைத் தேடி, நூலகத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு அழைத்தார்.

"நீங்க தப்பா கூப்பிட்டிருக்கீங்க" என்றாள் அக்கா. "அவர் வேலைக்குப் போயிருக்காரு."

வைத்துவிட்டு அவள் தொழிற்சாலைக்குத்தான் ஓடினாள். வாயிற்காவலர் பெயரைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றார். பிறகு, "அவர் இங்க வர்றதில்லயேம்மா" என்றார்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அக்காவும் சின்னவளும் சுவரோடு சுவராக நின்றிருந்தபோது நூலகர் வந்தார். நல்ல மனிதர். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். சின்னவளைக் கண்டதும், "நீங்க வர்ற அன்னைக்குத்தாம்மா அவர் முகத்துல களையே இருக்கும்" என்றார்.

அக்கா மெல்லத் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

சின்னவள் தலையாட்டினாள். அக்கா அடிக்கவில்லை, கத்தவில்லை. இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். காரியங்கள் முடியும்வரை அந்த இரண்டடி குறையவே இல்லை.

ஆய்வை விட்டுவிடலாம் என்றுதான் அவள் வழிகாட்டியிடம் போனாள். பேராசிரியை தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். "அவரோட பதிலை வேணும்னா எடுத்துடு. ஒருத்தர் போறதால சராசரி மாறாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். சின்னவள் எடுக்கவில்லை. தேடுவதை நிறுத்தியவர்களைப் பற்றி மட்டும் தனியாக ஓர் அத்தியாயம் எழுதினாள். வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத்தான் புரட்டினார். "இவர்கள் ஏன் தேடுவதை நிறுத்துகிறார்கள்?" என்று கேட்டார். வயது, திறன் பொருந்தாமை, நிராகரிப்பு என்று அட்டவணையைக் காட்டிப் பிசிறில்லாமல் பதில் சொன்னாள். கை தட்டினார்கள். வீடு திரும்பும் பேருந்தில், மாமாவும் ஓர் எண்ணாக அடங்கிப்போன அந்தப் பதிலில் ஒரு வரிகூடப் பொய்யில்லை என்பது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இப்போது அவள் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். அக்கா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மாதம் ஒருமுறை சின்னவள் போவாள். "வந்தியா", "சாப்பிடு", "கிளம்பறியா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன முறை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா, தலை நிமிராமல் கேட்டாள். "அங்க பகல் பூரா என்ன பண்ணிட்டிருப்பாரு?"

"பேப்பர் படிப்பாரு. குறுக்கெழுத்துப் போடுவாரு. பக்கத்துல ஒரு பழைய லாரி டிரைவர் உட்காருவாரு. ரெண்டு பேரும் ஏதாவது பேசிச் சிரிப்பாங்க. நூலகர் வந்து அதட்டுவாரு."

"சிரிப்பாரா?"

"சிரிப்பாரு அக்கா."

அக்கா கையிலிருந்த போர்வையை மடித்தாள். சரியாக வரவில்லை. உதறிவிட்டு மறுபடி மடித்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன, வெளியவா தள்ளியிருப்பேன்?" என்றாள். மாமாவைக் கேட்டாளா, தங்கையைக் கேட்டாளா என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. போர்வையின் மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை.