பொதுக்குடம்

ஓய்வு பெற்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும், பள்ளிக்கூடங்களில் சமத்துவம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் தாகம் எடுக்கிறது. காரணம் ஒரு தண்ணீர்ப் பானை. அந்தப் பானை விஷயத்தில் நான் செய்தது நல்லதா, கெட்டதா, அல்லது ஒன்றுமே செய்யவில்லையா என்று இன்றைக்கும் புரியவில்லை. விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. குழப்பம் அங்கேதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் திருச்சிராப்பள்ளியில் பள்ளிக்கூடங்களின் ஜூனியர் டெபுடி இன்ஸ்பெக்டராக இருந்தேன். பதவியின் பெயர் நீளம், அதிகாரம் குட்டை. சர்க்கார் மானியம் வாங்கும் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் தலையை எண்ணி, கூரையின் ஓட்டையைப் பார்த்து, பார்வைக் குறிப்பு எழுத வேண்டும். குறிப்பில் சொன்ன குறைகளை நிர்வாகம் தீர்க்க வேண்டும். தீர்ந்தது என்று நான் மறுபடி எழுதினால்தான் பள்ளிக்கு மானியம் போய்ச் சேரும். பாசுரம் நெட்டுருப் போட வேண்டிய ஊரில் பிறந்து, விதிப் புத்தகத்தை நெட்டுருப் போட்டவன் நான்.

ஸ்ரீரங்கத்தில் மதிலுக்கு உட்பட்ட ஒரு வீதியில் பெண்கள் பள்ளி ஒன்று இருந்தது. தலைமையாசிரியர் வயதானவர். நெற்றி நிறையத் திருமண், மூடிய கோட்டுக்கு மேல் அங்கவஸ்திரம். மானியம் வாங்கும் பள்ளி எந்தச் சாதிப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு, அவர் ஒரே ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார். கொள்ளிடக்கரைச் சேரியிலிருந்து நடந்து வருகிறவள். தகப்பனுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கூலி வேலை. தாய் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரர்களுக்குப் புல்லுக்கட்டு விற்பவள். நான் பார்வைக்குப் போன வருஷம் அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் இருந்தாள். எட்டாவது தேறிச் சர்ட்டிபிகேட் வாங்கினால் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேரலாம். வாங்காவிட்டால் புல்லுக்கட்டு. நடுவில் வேறு ஒன்றும் கிடையாது.

"வாங்கோ. அடியேன் பள்ளிக்கூடத்தில பேதமே கிடையாது. பாருங்கோ, எல்லாருக்கும் ஒரே கோரைப்பாய்தான்" என்றார் தலைமையாசிரியர்.

பாய் ஒன்றுதான். ஆனால் பானை இரண்டு இருந்தன. ஒன்று கூடத்தில், மணல் பரப்பி, மேலே பித்தளை டம்ளர் கவிழ்த்து. இன்னொன்று கொல்லை வேப்பமரத்தடியில், கொட்டாங்கச்சியோடு. அது யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

"பாய் ஒண்ணு, பானை ரெண்டா இருக்கே?"

"பாய் படிப்பைச் சேர்ந்தது. பானை ஆசாரத்தைச் சேர்ந்தது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கப்படாது" என்றார் பொறுமையாக, நான்தான் மக்குப் பையன் என்பது போல.

நான் குழப்பிக்கொள்ளவில்லை. விதியை எடுத்துக்காட்டி எழுதினேன்: 'குறிப்பிட்ட சாதியாருக்கென்று தனிப் பாத்திரம் எதுவும் பள்ளி எல்லைக்குள் இருக்கலாகாது. உடனே அகற்றவும்.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்த முறை போனபோது வேப்பமரத்தடியில் பானை இல்லை. நல்லது என்று கூடத்துக்குள் வந்தேன். அங்கேயும் பானை இல்லை. மணல்கூட வாரப்பட்டு, தரை மெழுகியிருந்தது.

"ரெண்டையும் எடுத்துட்டேன்" என்றார் தலைமையாசிரியர். "இப்ப யாருக்கும் தனியாத் தீர்த்தம் கிடையாது. சேர்த்தும் கிடையாது. சமம்."

அந்த நேரம் இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வீதியில் இறங்கி ஓடின. எல்லோருக்கும் வீடு பக்கத்தில்தான். எதிர்ச்சாரியில், அடுத்த சந்தில். வீட்டுக்குள் புகுந்து தண்ணீர் குடித்துவிட்டு, தாவணியில் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பின. எட்டாம் வகுப்பில் ஒருத்தி மட்டும் பாயில் உட்கார்ந்து பூகோளப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கொள்ளிடக்கரைக்குப் போய்த் திரும்ப இடைவேளை போதாது. வீதிக் குழாயடியில் அவள் நின்றால் அங்கே குடம் வைத்திருக்கும் மாமிகள் விடமாட்டார்கள். என் குறிப்பு முழுசாக நிறைவேற்றப்பட்டிருந்தது. அதில் ஒரு எழுத்தைக்கூடக் குறை சொல்ல முடியாது. என்ன எழுதுவது என்று தெரியாமல், 'அகற்றப்பட்டது' என்று மட்டும் எழுதிவிட்டு ஜட்கா ஏறினேன்.

பங்குனி வெயில் தொடங்கிய சமயம், கண்டோன்மெண்டில் இருந்த எங்கள் ஆபீசுக்கு அவளுடைய தாய் வந்தாள். டவாலிப் பியூன் அவளை வராந்தாக் கோடியிலேயே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அந்த வேப்பமரத்துப் பானைய எடுக்கச் சொன்னது நீங்களா சாமி?"

"ஆமாம்."

"நல்லா இருங்க. அத மறுபடி வைக்கச் சொல்லுங்க."

எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்று சந்தேகம். "அப்படித் தனியா வைக்கறது தப்பும்மா."

"தப்போ சரியோ, அதுல தண்ணி இருந்துச்சு. இப்ப இல்ல. நேத்து மத்தியானம் பிள்ள மயங்கி விழுந்துருச்சு. படிச்சது போதும், புல்லறுக்க அனுப்புன்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. பரீட்சை வரைக்குமாச்சும் வுடுங்கன்னு நான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்."

"வீட்டிலேருந்து தண்ணி குடுத்து விடேன்."

"சொம்புல குடுத்துதான் வுட்டேன். தனிப் பாத்திரம் கூடாதுன்னு இன்ஸ்பெட்டரு எழுதிட்டாராம். சொம்ப வாசல்லேயே நிறுத்திட்டாங்க."

'எதுவும்' என்ற சொல்லை நான் ஏன் போட்டேன்? கண்டிப்பாக இருக்கட்டும் என்று போட்டது.

"தனிப் பானை வைக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது" என்றேன்.

"எடுக்க இருந்துச்சா?"

"இருந்தது."

அவள் பியூன் பக்கம் திரும்பி, "பாதி அதிகாரிதான் போலருக்கு. மீதிப் பாதி எந்த ஆபீசுல குந்தியிருக்காரு, சொல்லு, அங்கயும் போயிட்டு வரேன்" என்றாள். பியூன் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டான்.

மீதிப் பாதி சுகாதார விதிகளில் இருந்தது. சமத்துவ விதியில் தண்ணீர் கொடு என்று எங்கேயும் இல்லை. கொடுத்தால் பேதமில்லாமல் கொடு என்றுதான் இருந்தது. சுகாதார விதியில் பேதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளைகளுக்குச் சுத்தமான குடிநீர் வை என்று இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுதினேன்: 'கூரைக்குக் கீழே, எல்லா மாணவிகளும் எடுத்துக் குடிக்கும்படி, ஒரே பாத்திரத்தில் குடிநீர் வைக்கப்பட வேண்டும். பாத்திரத்தைத் தினந்தோறும் துலக்க வேண்டும்.' ஒரு பிரதியைச் சுகாதார அதிகாரிக்கும் அனுப்பினேன். எங்கள் ஜில்லாத் தலைமையாசிரியர்களுக்குச் சமத்துவத்தைவிடக் காலராவிடம் பயம் அதிகம்.

பாத்திரம் வந்தது. மண்பானை அல்ல, பித்தளைக் குடம்.

"மண்பானை சீக்கிரம் உடைஞ்சுடறது, அதான்" என்றார் தலைமையாசிரியர்.

நானும் அந்த வீதிகளில் வளர்ந்தவன்தான். மண்பானையில் தீட்டுப் பட்டால் உடைத்துப் போட வேண்டும்; பித்தளையில் பட்டால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் போதும், புதுசாகிவிடும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் மண்பானை சீக்கிரம் உடைகிறது என்பதும் பொய்யில்லையே. நான் தலையாட்டினேன்.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வழக்கம்போலத் தங்கள் வீட்டுக்கு ஓடின. அந்தப் பெண் எழுந்து வந்து, கவிழ்த்திருந்த டம்ளரை நிமிர்த்தி, மொண்டு, நிதானமாகக் குடித்தாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"பொதுக்குடம்தான். மத்தவா வரலைன்னா அடியேன் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர். "தாகம் எடுத்தே ஆகணும்னு ஒரு விதி இருந்தா சொல்லுங்கோ, போட்டுடலாம்."

அப்படி விதி இல்லை. தனிப் பானையை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். பொதுக்குடம் வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். இப்போது அவளுக்கு மட்டுமான பானை, மரத்தடியிலிருந்து கூடத்துக்கு, கொட்டாங்கச்சியிலிருந்து பித்தளைக்கு வந்திருந்தது. இது முன்னேற்றம் என்றால், எது எவ்வளவு தூரம் முன்னேறியது என்று எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

தாய்க்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் புல்லுக்கட்டுக்கு நடுவிலிருந்து, "பிள்ள பள்ளிக்கூடம் போவுது சாமி. பித்தளை டம்ளர்ல குடிக்குதாம். எங்க வூட்டுல அது கிடையாது" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் பெண் பரீட்சை எழுதினாள், தேறினாள். கோடை விடுமுறையில் சர்ட்டிபிகேட் வாங்க வந்த அன்று, மராமத்துப் பார்க்க நானும் அங்கே இருந்தேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, மை காய்ந்ததும் அதை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே குடுத்துடுங்கோ. அதிகாரி கையால வாங்கினா கௌரவம்."

கௌரவம்தானா, அல்லது தன் கை அவள் கைக்கு அருகே போக வேண்டாம் என்பதா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கி, படித்துப் பார்த்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு கூடத்துக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள்.

அவள் நகர்ந்ததும், தண்ணீர் இறைக்கும் அம்மாள் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், புளியைப் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"இப்ப எதுக்கு இதைத் தேய்க்கறேள்?"

"தினம் தேய்க்கணும்னு நீங்கதான் எழுதியிருக்கேளாமே."

"இன்னிக்கு லீவாச்சே?"

"லீவுன்னா பித்தளை கறுக்காதோ?" என்று கேட்டுவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தேய்த்தாள்.

தினந்தோறும் என்று எழுதியது நான்தான். அவள் தேய்ப்பது தீட்டுக்கா, என் உத்தரவுக்கா என்று கண்டுபிடிக்க எந்த விதியிலும் வழி சொல்லவில்லை.

அந்தப் பெண் கொல்லை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் திரும்பியதும் சொன்னாள்:

"நான் குடிச்ச நாள்லேருந்து அது இப்படித்தாங்க இருக்கு. இந்த ஊர்லயே இவ்வளவு பளபளப்பாக் குடம் கிடையாதுங்க."

குரலில் புகாரும் இல்லை, நன்றியும் இல்லை. "வரேங்க" என்று சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு கொள்ளிடம் பக்கம் நடந்தாள். நான் உள்ளே வந்து உட்கார்ந்து, பார்வைக் குறிப்பில் 'குடிநீர் ஏற்பாடு திருப்தி' என்று எழுதினேன். வேறு என்ன எழுதியிருக்கலாம் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.